நோ-பால் ரூபன்

“அசையாதீங்கப்பா,” என்றான் லெவி. சவரக் கத்தி தாடை எலும்பின் வளைவில் நின்றிருந்தது.

அசைந்தது அப்பா ரூபன் டோல் அல்ல, அவருடைய மூச்சு. மூன்று நாளாக அது தன் இஷ்டத்துக்கு வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போது தலையணையிலிருந்து தலையையே ஒரு விரற்கடை தூக்கிப் போட்டது. அது அடங்கும்வரை லெவி கத்தியைக் காற்றில் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். அடங்கியதும் நுரையில் ஒரு வரி இழுப்பான். பாதி முகம் முடிய கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அக்கா டார்க்கஸ் வெந்நீர்க் கிண்ணத்தோடு கட்டிலின் மறுபக்கம் நின்றாள்.

“விடிஞ்சதுலேருந்து இதே பாட்டு. சவரம் பண்ணணுமாம். நான் பண்றேன்னா மொகத்தத் திருப்பிக்கிறாரு. லெவி வரட்டும், லெவி வரட்டும்னு.”

“எங்கயாச்சும் கிளம்புறாராமா?”

“ஏப்ரல் பொறந்துருச்சில்ல? மைதானத்துக்குத்தான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வீட்டில் கிரிக்கெட்டைப் பற்றி யாரும் வாய்திறந்து பேசி இருபது வருஷம் ஆகியிருந்தது. அவள் கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டு, துண்டு எடுத்து வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போனாள். துண்டு அவள் தோளில்தான் கிடந்தது.

லெவிக்கு நாற்பத்துமூன்று வயது. சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குப் போகாமல் வந்திருந்தான். எத்தனை தேய்த்தாலும் போகாத கரி இமையோரத்தில் மை தீட்டியதுபோல் இருந்தது. வலது முழங்கை அவனுக்கு முழுதாக நீளாது. கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட இடது கைதான் வேண்டும். ஆனால் சவரம் செய்ய அந்தக் கை போதும்.

போர்வைக்கு வெளியே அப்பாவின் இரண்டு கைகளும் கிடந்தன. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உறையில்லாத வெறுங்கையால் பந்து பிடித்த காலத்து விரல்கள். லெவி சின்னவனாக இருந்தபோது அவற்றுக்குப் பெயர்கள் இருந்தன. அப்பா அவனை மடியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக நீட்டுவார். “இது பிரைட்டன். இது ஷெஃபீல்டு. இது லண்டன், ரெண்டு தடவ ஒடஞ்சது. இந்தச் சுண்டுவிரல் மட்டும் நம்ம ஊரு. ஜெத்ரோ கழுத மாதிரி வீசினான் பாரு, அது.” உடையாத ஒரே விரல் இடது கைக் கட்டைவிரல். அதற்கு அவர் வைத்த பெயர் சொர்க்கம். இன்னும் போய்ப் பார்க்காத ஊர்.

இருபத்தாறு வருஷம் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, ஆடியவர். முதல் ஆட்டத்துக்குப் பதினைந்து மைல் நடந்தே போனார், மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு. ஆட்டக்காரர்கள் நெட்டைத் தொப்பி வைத்துக்கொண்டு ஆடிய காலம் அது. மைதானத்தில் ஆடுகள் மேயும். ஆட்டம் தொடங்குமுன் ஆட்டுப் புழுக்கையைப் பெருக்கித் தள்ளுவதும் கூலிக்கு ஆடுகிறவர்களின் வேலைதான். கூலி வாங்காமல் ஆடும் கனவான்களுக்கு ஒரு வாசல், இவர்களுக்கு ஒரு வாசல். அச்சடித்த ஆட்டத்தாளில் அவர்கள் பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ இருக்கும், இவர்கள் பெயர் மொட்டையாக நிற்கும். ரூபனுக்கு அதில் வருத்தம் இருந்ததாக லெவி கண்டதில்லை. “என் பேருக்கு முன்னால அந்த எழுத்தக் கோக்குறதுக்குள்ள நான் ரெண்டு விக்கெட் எடுத்துருவேன்,” என்பார்.

குளிர்காலம் முழுவதும் மாடியறையில் காலுறை பின்னும் தறியில் உட்கார்ந்திருப்பார். மார்ச் முடியும்போது தறியை நிறுத்திவிட்டு எழுந்து, ஜன்னலைத் திறந்து வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். காற்றில் குளிர் உடைந்துவிட்டதா என்று தெரியவேண்டும். உடைந்திருந்தால் வீடே மாறிவிடும். அம்மா திர்சா பெட்டியிலிருந்து வெள்ளைக் கால்சட்டைகளை எடுத்து உதறுவாள். ஆளிவிதை எண்ணெய் வாசனை வீடெங்கும் நிறையும். அப்பா மட்டைக்கு எண்ணெய் தேய்ப்பார். மிச்சத்தை டார்க்கஸ் பிள்ளையாக இருந்தபோது அவள் மூக்கில் தடவிவிடுவார். அவள் கத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடுவாள்.

மட்டை, பந்து இரண்டுக்கும் அவர் வேண்டும். ஐந்தாவதாக இறங்கி மேடுபள்ளமான தரையில் நாள் முழுக்க நிற்பார். மறுநாள் காலையில் தொட்ட பந்தைச் சாயங்காலம்வரை விடமாட்டார். ஒரு முனையில் அவர், மறுமுனையில் அவருடைய கூட்டாளி ஜெத்ரோ. அவர் ஆடத் தொடங்கியபோது பந்து வீசும் கை தோளுக்கு மேலே போகக்கூடாது என்பது சட்டம். மூன்றாம் வருஷம் தெற்கே ஓர் ஊரில் அவருடைய கை மேலே போய்விட்டதென்று அம்பயர் ஒரே நாளில் ஐந்து தடவை நோ-பால் கொடுத்தார். பிறகு இரண்டு வருஷத்தில் சட்டமே மாறிவிட்டது. யாராவது அதைச் சொல்லி அந்த அம்பயரைத் திட்டினால் ரூபன் ஒத்துக்கொள்ள மாட்டார். “அன்னிக்குச் சட்டம் தோளோட நின்னுச்சு. என் கையி மேல போச்சு. அந்தாளு பாத்தான், சொன்னான். அப்புறம் என்ன?”

லெவியின் முழங்கையை உடைத்ததும் அவர்தான்.

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் மட்டையைப் பிடித்துக்கொண்டு, “நிஜமா போடுங்க, ஜெத்ரோ மாமாவுக்குப் போடற மாதிரி போடுங்க” என்று நச்சரித்தான். ஒரே ஒரு பந்து அப்படிப் போட்டார். அது கல்லில் பட்டு எகிறியது. எலும்பைச் சேர்த்துக் கட்டியவன் சரியாகக் கட்டவில்லை. கட்டுப் பிரித்தபோது கை மடங்கியபடியே நின்றுவிட்டது. அந்தக் கோடை முழுக்க அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும், எந்த ஊரில் ஆடினாலும், கடைசி ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்து அந்தக் கையை மடியில் வைத்து எண்ணெய் போட்டு நீவினார். எங்கே எலும்பு முட்டுகிறது, எங்கே நரம்பு இழுக்கிறது, எந்த அளவுக்கு நீளும், அதற்கு மேல் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு லெவிக்கே தெரியாது.

அந்த மடங்கிய கையோடுதான் லெவி பந்து வீசக் கற்றான். நன்றாகவே வீசினான். மடங்கிய கை மடங்கியபடியே சுற்றினால் அது வீச்சு; கடைசியில் முழங்கையை நீட்டி உதறினால் அது எறிதல், அதற்கு நோ-பால். இருபத்திரண்டு வயதில் கவுண்டியின் தேர்வாட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஈஸ்டர் திங்கட்கிழமை, அந்தக் கால வழக்கப்படி புதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் ஒரு பக்கம், கவுண்டியின் பதினொருவர் எதிர்ப் பக்கம். ரூபன் ஆட்டத்தை விட்டு நான்கு வருஷமாக அம்பயராக இருந்தார். அன்று வரவேண்டிய அம்பயருக்குக் காய்ச்சல். ரூபன் நிற்கட்டும் என்றார்கள். அவரும் நின்றார்.

லெவி தொப்பியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தான். அவர் வாங்கிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஓவருக்கு நான்கு பந்து என்பது ஐந்தாகியிருந்த முதல் வருஷம் அது. பதினோரு ஓவர் வீசி நான்கு விக்கெட் எடுத்தான். ஆட வந்தவர்கள் அவன் முழங்கையைப் பார்த்தார்கள். பிறகு அம்பயரைப் பார்த்தார்கள். ஒருவன் வாய்விட்டே கேட்டான்: “என்ன ரூபன், உங்க வீட்டுக் கைங்கிறதால விட்டுட்டீங்களா?”

“கைதான் கோணல். பந்து நேராத்தான் வருது. ஆடு,” என்றார் ரூபன்.

பிறகு கேப்டன் மிஸ்டர் ஃபேன்ஷா ஆட வந்தார். லெவியின் முதல் இரண்டு பந்துகளையும் வேலிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, குழந்தையிடம் சிரிப்பதுபோல் அவனைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது பந்தில் நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு இரண்டு குட்டிக்கரணம் அடித்து விக்கெட் கீப்பர் காலடியில் போய் விழுந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. கத்தல் அடங்கிய பிறகுதான் பலருக்கும் தெரிந்தது, பந்து ஸ்டம்பைத் தொடுமுன்பே ரூபனின் குரல் வந்துவிட்டதென்று.

“நோ-பால்.”

அடுத்ததற்கும் சொன்னார். அதற்கடுத்ததற்கும் சொன்னார். கேப்டன் தன் கூட்டாளியிடம் ஏதோ சொல்ல, புதுப் பிள்ளைகளின் தலைவன் வந்து லெவியின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டான். லெவி அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் பந்தைத் தொடவில்லை.

ஊர் ரூபனை மன்னிக்கவில்லை. கையை உடைத்தவரும் அவர், கை கோணலென்று சொன்னவரும் அவர். பெரிய மனிதரின் ஸ்டம்ப் பறந்ததும் பெற்ற பிள்ளையைக் காவு கொடுத்துவிட்டார் என்றது. ஜெத்ரோ மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. அம்மா தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு டார்க்கஸின் அறைக்குப் போய்விட்டாள். சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். நான்காம் குளிர்காலத்தில் செத்துப்போகும்போது, தன்னைத் தன் தாய்வீட்டுச் சனங்களோடு சாப்பல் என்ற சின்ன ஜெபக்கூடத்துக்குப் பக்கத்தில் புதைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். பிள்ளைகள் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ரூபன் தெருவில் போகும்போது “நோ-பால்!” என்று கத்துவார்கள். அவர் திரும்பாமல் தொப்பியை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நடப்பார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அவர்கள் பிள்ளைகளும் கத்தினார்கள். ஏனென்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. அது அவர் பெயர் என்று நினைத்தார்கள்.

லெவி மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். அப்பாவும் அவனும் தோட்டத்தில் நின்று உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசுவார்கள். ஊர் அதைப் பார்த்து, தங்கமான பிள்ளை என்றது.

மேலுதட்டை முடித்துவிட்டு லெவி துணியால் நுரையைத் துடைத்தான். அப்பா கண்ணைத் திறந்திருந்தார். பார்வை தெளிவாக இருந்தது. கை போர்வைமேல் ஊர்ந்து வந்து அவன் முழங்கையைத் தேடிப் பிடித்தது. எலும்பு முட்டும் இடத்தில் கட்டைவிரல் போய் நின்றது.

“மழையா?”

“இல்லப்பா. நல்ல வெயிலு.”

“மழைன்னா வலிக்குமே.”

“வலிக்கும்.”

கீழே டார்க்கஸ் அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்டது. லெவி கத்தியை மடக்கினான். மறுபடி திறந்தான். மறுபடி மடக்கினான்.

“அப்பா. அன்னிக்கு ஃபேன்ஷாவுக்குப் போட்டது. நீங்க நோ-பால் சொன்ன அந்த மூணும்… மூணும் நான் எறிஞ்சதுதாம்ப்பா. வீசல. எறிஞ்சேன்.”

அப்பாவின் முகம் கோணியது. அழுகிறாரென்று நினைத்து லெவி குனிந்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்டயா சொல்ற? ரெண்டு கை தள்ளித்தானடா நின்னேன்.”

மூச்சு அவரைத் தூக்கிப் போட்டது. லெவி முதுகைத் தாங்கிப் பிடித்தான். சட்டைக்குள் எலும்பு தவிர வேறொன்றும் இல்லை.

“மொதல்லது தன்னால வந்துருச்சு,” என்றார் அடங்கியதும். “ரெண்டாவது கோவத்துல. மூணாவது…”

“மூணாவது வேணும்னுதான். மூணாவது தடவ சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“ம்.” கண்ணைக் கூரைக்குத் திருப்பினார். “நாலாவதுக்குத்தான் பயந்து நின்னேன். நல்லவேள, பந்த வாங்கிட்டாங்க. நாலாவதுக்கு எனக்கு வாய் வந்திருக்காது.”

லெவி நுரைத் துணியைப் பிழிந்தான். “அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா. கோணக் கையையெல்லாம் விட்டேன், எறிஞ்சத மட்டும்தான் சொன்னேன்னு.”

“சொன்னா ஒன்ன எறிகாரன்னு சொல்லுவாங்க. ஒனக்கு இருபத்திரண்டு. எனக்கு அம்பத்திமூணு.” அதிலேயே எல்லாம் வந்துவிட்டதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, மூடியபடியே, “இந்தப் பக்கம் கிருதா சரியா இருக்கா பாரு. ஒன் கை இறங்கிட்டாப்ல இருக்கு,” என்றார்.

லெவி பார்த்தான். இறங்கித்தான் இருந்தது. சரி செய்தான்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. மத்தியானம் டார்க்கஸ் பால்கஞ்சி கொண்டுவந்து உதட்டில் தொட்டு வைத்தாள். வெயில் போர்வையில் ஏறி, பிரைட்டனையும் ஷெஃபீல்டையும் தொட்டு, சுவருக்குப் போயிற்று. சுரங்கத்தின் இரண்டாம் ஷிப்டுக்கான சங்கு ஊதியபோது ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வருமென்று இருவரும் காத்திருந்தார்கள்.

“அவ்வளவுதானா?” என்றாள் டார்க்கஸ்.

*

வியாழக்கிழமை அடக்கம். பெட்டியைத் தூக்க ஆறு பேரில் தானும் ஒருவன் என்று ஜெத்ரோ பிடிவாதமாக நின்றார். எழுபத்தைந்து வயது. தடி இல்லாமல் இரண்டடி நடக்க முடியாது. உயரமும் மற்றவர்களின் தோளுக்கு ஒரு சாண் கம்மி.

“மாமா, நீங்க தூக்குனா பெட்டி ஒங்க பக்கம் சாயும். அப்பா உருண்டுருவாரு,” என்றான் லெவி.

“உருளட்டுமே. ஆயுசு முழுக்க எம்பக்கம் சாஞ்சவன்தான அவன்,” என்றார் ஜெத்ரோ. கடைசியில் பெட்டியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார்.

கவுண்டியிலிருந்து மிஸ்டர் ஃபேன்ஷா வந்திருந்தார். இப்போது அவர் கமிட்டியில் பெரிய ஆள். வண்டி வைக்காமல் ஸ்டேஷனிலிருந்து மலர்வளையத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மேட்டின்மேல் நடந்தே வந்தார். மூச்சு வாங்கியது. ஊர்த் தேவாலயக் கல்லறையில் குழி வெட்டியவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “நோ-பால் ரூபனுக்கு நல்ல எடம். இந்தப் பக்கம் தண்ணி ஊறாது,” என்றான். வாஞ்சையாகத்தான் சொன்னான். டார்க்கஸ் தரையைப் பார்த்தாள். அம்மாவைப் புதைத்த சாப்பல் எதிர் மேட்டில், உழுத வயலுக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அதன் ஓட்டுக்கூரை மட்டும் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பி எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேகவைத்து ஆறவைத்த பன்றித் தொடை, ஊறுகாய் வெங்காயம், சீரகக் கேக், தேநீர். மேஜை போதாமல் துவைக்கும் பலகையை மரப்பெட்டிகள்மேல் வைத்துத் துணி விரித்திருந்தாள் டார்க்கஸ். இரண்டு கோப்பை உள்ளே போனதும் ஜெத்ரோவுக்குப் பழைய நாள் திரும்பிவிட்டது.

“லண்டன்ல ஒரு தடவ, காலைல பதினோரு மணிக்கு ஆரம்பிச்சோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாயங்காலம் ஆறு. கேப்டன் வந்து, ‘களைச்சிட்டீங்களா?’ன்னு கேக்குறாரு. ரூபன் சொல்றான், ‘நான் களைக்கல ஐயா, ஜெத்ரோவத்தான் மாத்தணும். அவன் மணிக்கொரு தடவ மணி கேக்குறான்’னு. பாவிப் பய.” கண்ணில் வழிந்ததைத் துடைக்கவில்லை. “அவன் போட்டா பந்து அந்தரத்துல நின்னு யோசிக்கும்யா. போவலாமா வேணாமான்னு. ஆடுறவன் அதுக்குள்ள ஆடி முடிச்சிருப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஃபேன்ஷாவும் சிரித்தார். அந்தச் சமையலறைக்குள் அவர் வந்தது அதுவே முதல் தடவை. முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

“ரூபன் மாதிரி ஆள் இனி வரமாட்டாங்க,” என்றார். “நான் பள்ளிக்கூடத்திலேருந்து நேரா கேப்டனா வந்து நின்னப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. ‘ஐயா, கவர்ல ஒருத்தரப் போட்டா நல்லாருக்குமோ?’ன்னு கேட்பார். எனக்கே தோணின மாதிரி நான் போடுவேன். விக்கெட் விழும். ‘நல்லாப் போட்டீங்க ஐயா’ம்பார்.” கோப்பையைத் தட்டில் வைத்தார். பிறகு லெவியின் பக்கம் திரும்பினார். “ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன், லெவி. அன்னிக்கு நீ போட்ட அந்தப் பந்து. அதுமாதிரி ஒண்ணு நான் அதுக்கப்புறம் ஆடல. அவுட் ஆனவன் நின்னு எண்பது ரன் எடுத்தேன். உங்க அப்பா நல்ல மனுஷர். ஆனா அன்னிக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்.”

“அவசரமா?” என்றார் ஜெத்ரோ. “ஐயா, செத்தவனப் பத்திச் சொல்லக்கூடாது…”

“மூணும் எறிஞ்சது,” என்றான் லெவி.

யாரோ வெங்காயம் கடிக்கும் சத்தம் நின்றது.

“என்னடா?”

“மூணும் நான் எறிஞ்சது மாமா. அதுக்கு முன்னால பதினோரு ஓவரு கோணக் கையாலதான் போட்டேன். ஒண்ணுக்கும் அவரு வாயத் தொறக்கல. வீசுனத விட்டாரு. எறிஞ்சத மட்டும் சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும்.” முழுவதையும் தட்டைப் பார்த்துச் சொன்னான். “இருபது வருஷமாத் தெரியும்.”

ஃபேன்ஷா மெல்ல, “அப்போ நான் அவுட் இல்ல,” என்றார்.

“இல்லைங்க ஐயா.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதரின் முதுகிலிருந்து ஏதோ இறக்கப்பட்டதும், அந்த இடத்தில் வேறொன்று ஏற்றப்பட்டதும் முகத்தில் தெரிந்தது.

ஜெத்ரோ வாயிலிருந்த இறைச்சியை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். விழுங்கிவிட்டுச் சொன்னார்: “மூணு வருஷம்டா. மூணு வருஷம் நான் அவனோட பேசல. எதுத்தாப்ல வந்தா சந்துல திரும்பிருவேன். ‘ஜெத்ரோ’ன்னு கூப்பிடுவான். நான் திரும்புனதில்ல.”

“தெரியும் மாமா.”

“தெரியுமாம்.” தடியைத் தேடி எடுத்தார். லெவியை அடிக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழுந்து நின்று, தொப்பியை வைத்துக்கொண்டு, “ஆறு மணிக்கு மேல கல்லறை கேட்டப் பூட்டிருவான். அதுக்குள்ள நான் ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்,” என்று கதவைத் திறந்துகொண்டு போனார்.

டார்க்கஸ் தேநீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி அடுப்படியில் நின்றிருந்தாள். அம்மா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தது அவள் அறைக்குத்தான். அவள் சுற்றி வந்து ஒவ்வொரு கோப்பையாக நிரப்பினாள். லெவியின் கோப்பையையும் நிரப்பினாள். அது விளிம்பு தாண்டித் தட்டில் வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

*

எல்லோரும் போன பிறகு அவள் கோட்டை மாட்டினாள். “வா,” என்றாள்.

எங்கேயென்று அவன் கேட்கவில்லை. தோட்டத்துப் படலைத் திறந்துகொண்டு வயல் பாதையில் ஏறினாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. உழுது போட்ட மண் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. எதிர் மேட்டில் சாப்பலின் கூரை தெரிந்தது. அவள் கரடுமுரடான கட்டிகளின்மேல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். லெவி பின்னால் போனான். அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வயலின் நடுவில் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

“அன்னிக்கு ராத்திரி அம்மா ஒன்ன மடியில போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தா. அப்பச் சொல்லியிருக்கலாம்.”

“ஆமாக்கா.”

“அதுக்கப்புறமும் நாலு குளுரு இருந்தா.”

“ஆமா.”

காற்று அடித்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“காட்டு,” என்றாள்.

“என்ன?”

“எப்படிப் போட்ட, எப்படி எறிஞ்ச. காட்டு.”

“அக்கா…”

“இருபது வருஷம் அந்த மனுஷனுக்குக் கஞ்சி ஊத்துனேன். ஒரு நா மொகத்தப் பாத்து ஊத்தல. காட்டுடா.”

லெவி குனிந்து உழவுசாலிலிருந்து பந்தளவு ஒரு கல்லைப் பொறுக்கினான். மண்ணைத் துடைத்தான். கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். நாலு எட்டு பின்னால் போய், கட்டிகளில் தடுக்கி ஓடிவந்து, கையைச் சுற்றி வீசினான். தோள் பட்டென்று சொடுக்கியது. கல் தள்ளிப் போய் விழுந்தது.

“இது?”

“இது வீசுனது.”

இன்னொரு கல்லை எடுத்தான். மறுபடி ஓடிவந்தான். இந்தத் தடவை கடைசி நொடியில் முழங்கையை உதறினான். நீளக்கூடிய அளவுக்கு அது நீண்டு நின்றது. வலி தோள்வரை ஏறியது. கல் இரண்டு மடங்கு வேகத்தில் போய் வேலியோரத்தில் மோத, மரத்திலிருந்து காக்கைகள் கூட்டமாகக் கிளம்பிக் கத்தின.

டார்க்கஸ் அவன் கோட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றி சுருங்கியிருந்தது.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா தெரியுது,” என்றாள்.

லெவி முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

அவள் பாவாடையைச் சேற்றிலிருந்து தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து, அன்று அப்பா நின்றதுபோல் அவன் ஓடிவரும் வழியோரமாக வந்து நின்றாள். ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு போடு.”

லெவி குனிந்து கல் தேடினான்.